கம்பம் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகளும் ஊர்க்காரன் பதிலும்

ரீல்ஸ்ல திராட்சைத் தோட்டத்தப் பாத்துட்டு தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல. அதான் மொத்தமா டைப் பண்ணி வச்சுட்டேன், இனிமே யார் கேட்டாலும் இதத்தான் அனுப்புவேன்.

கம்பம் எங்க இருக்கு? கிராமமா, டவுனா?

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. தேனில இருந்து 40 கிலோமீட்டர் பக்கம், கம்பத்துல இருந்து இன்னொரு 20 சொச்சம் போனா குமுளி, அங்கிட்டு கேரளா. நகராட்சி தான், 2011 சென்சஸ்ல 68 ஆயிரம் பேர் சொச்சம். ஆனா மெயின் ரோட்டுல இருந்து எந்தப் பக்கம் திரும்பி பத்து நிமிசம் நடந்தாலும் வயல்ல போய் நிப்பீங்க. கடைவீதில உர மூட்டை, மருந்து தெளிக்கிற பம்பு, தார்ப்பாய், டிராக்டர் டயர் இதுக்குத்தான் கூட்டம். டவுன்னு போர்டு மாட்டுன விவசாய ஊர்னு வச்சுக்கங்க. மேக்கயும் தெக்கயும் கேரளா எல்லை மலை, கெழக்க மேகமலை, நடுவுல நாங்க.

ஊர் இம்புட்டு பச்சையா இருக்கே, நல்ல மழையா?

இல்ல, இதத்தான் வெளியூர்க்காரங்க எல்லாரும் தப்பா நெனச்சுக்கிறாங்க. ஜூன், ஜூலைல தேக்கடில ஊத்தோ ஊத்துன்னு ஊத்தும், இங்க மேகம் மலை உச்சில வந்து நிக்கும், காத்து அடிக்கும், கொஞ்சம் சாரல் விழும், அம்புட்டுத்தான். மலைக்கு கெழக்க இருக்குறதால தென்மேற்கு பருவமழை நமக்கு மிச்சம் மீதிதான், ஐப்பசி கார்த்திகை மழையில தான் ஊரு ஒழுங்கா நனையும். நீங்க பாக்குற பச்சை வானத்துல இருந்து வந்ததில்ல, மலையக் கொடைஞ்சு கொண்டாந்தது.

பெரியாறுங்கிறது மேக்க ஓடி அரபிக்கடல்ல கலக்குற ஆறு. அத அணை கட்டி நிறுத்தி, தேக்கடி பக்கம் தண்ணியத் திருப்பி, மலைக்குள்ள சுரங்கம் போட்டு கெழக்க எறக்கி விட்டாங்க. இங்கிலீஷ்கார இன்ஜினியர் பென்னிகுவிக் தலைமைல 1887ல வேலைய ஆரம்பிச்சு 1895ல முடிச்சாங்க, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) வச்சு கட்டுன அணை, அதான் முல்லைப் பெரியாறு அணை. காய்ச்சல்லயும் வெள்ளத்துலயும் செத்தவங்க ஏகப்பட்ட பேரு. சுரங்கத்துல வர்ற தண்ணி ராட்சசக் குழாய்ல மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப்புக்கு எறங்கி நாலு ஜெனரேட்டர ஓட்டிட்டு முல்லையாத்துக்கு வரும், கொஞ்சம் தண்ணிய இரைச்சல் பாலம் வழியாவும் தெறந்து விடுவாங்க. அப்புறம் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு எல்லா ஊரையும் தொட்டுட்டு தேனி பக்கம் வைகைல சேந்து வைகை அணைக்குப் போகும். மதுரைக்காரங்க குடிக்கிறதுலயும் மேலூர் வரைக்கும் வயலுக்குப் போறதுலயும் இந்தத் தண்ணி இருக்கு.

அதான் இந்தப் பக்கம் டீக்கடை, ஆட்டோ, பஸ்ஸு எல்லாத்துலயும் பென்னிகுவிக் போட்டோ இருக்கும். பிள்ளைகளுக்கு பென்னின்னு பேரு வச்ச வீடுகளும் உண்டு. லோயர் கேம்ப்ல 2013ல மணிமண்டபம் தெறந்தாங்க, ஜனவரி 15 அவரு பிறந்தநாள், பொங்கலோட சேத்து கொண்டாடுவாங்க. சொந்தச் சொத்த வித்து அணை கட்டுனாருன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அது ஊர்க்கதை, அணை கட்டுனது அன்னைக்கு இருந்த சென்னை மாகாண அரசு. நம்ம பெரியவங்ககிட்ட இத ஆர்க்யூ பண்ணப் போகாதீங்க, டீ கெடைக்காது.

142 அடி, 152 அடின்னு நியூஸ்ல வருதே, அது என்ன?

அணையோட முழு நீர்மட்டம் 152 அடி. 1979ல அணை பலமா இருக்கான்னு பிரச்சனை கெளம்பி 136 அடிக்கு எறக்குனாங்க. பலப்படுத்துற வேலை முடிஞ்சதும் 142க்கு தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2006ல சொல்லுச்சு, கேரளா சட்டம் போட்டு தடுத்தாங்க, மறுபடி 2014 மே மாசம் கோர்ட் 142ன்னே தீர்ப்பு சொன்னுச்சு. அந்த வருசம் நவம்பர்லயே 142 தொட்டுச்சு, ஊர்ல வெடி போட்டாங்க. நெலம் கேரளாவோடது, 1886ல 999 வருசக் குத்தகை, பராமரிக்கிறது தமிழ்நாடு.

வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத நம்பர் ஒண்ணு இருக்கு, 104. அதுக்குக் கீழ போயிட்டா நம்ம பக்கம் தண்ணி எறங்காது. இங்க வயசானவங்க காலைல பேப்பர எடுத்ததும் மொதல்ல பாக்குறது அணை நீர்மட்டம் தான், அப்புறம் தான் சாவுச் செய்தி.

2011 டிசம்பர்ல இந்தப் பிரச்சனை பெருசாகி பள்ளத்தாக்கே திரண்டு குமுளியப் பாத்து நடந்துச்சு. பார்டர் மூடி கெடந்துச்சு, காய்கறி அழுகுச்சு, எலத்தோட்ட (ஏலக்காய்த் தோட்ட) வேலை நின்னுச்சு. ரெண்டு பக்கமும் அடி வாங்குனது சாதாரண சனம் தான். இப்பவும் ரெண்டு பக்க அரசியல்வாதிங்க பேசுறது வேற, குமுளி கடைத்தெருவுல ரெண்டு ஊர் ஆளுங்களும் மலையாளத்துலயும் தமிழ்லயும் பேரம் பேசுறது வேற.

நெல் எப்ப நடுவாங்க? எந்த மாசம் வந்தா பச்சையா இருக்கும்?

ரெண்டு போகம். அணைல தண்ணி இருந்தா ஜூன் 1ஆம் தேதி முதல் போகத்துக்கு தெறப்பாங்க. கணக்கு என்னன்னா மொத்தம் 14,707 ஏக்கர், அதுல உத்தமபாளையம் தாலுகா 11,807, தேனி 2,412, போடி 488. இந்த ஏக்கர் கணக்க இங்க ஸ்கூல் பையன் கூட சொல்லுவான், வருசா வருசம் தண்ணி தெறக்குறப்ப அதே வரிய பேப்பர்ல போடுவாங்க. தண்ணி வந்ததும் நாத்தாங்கால் போட்டு, ஜூலைல நடவு, ஆகஸ்ட்ல நல்ல பச்சை, செப்டம்பர் அக்டோபர்ல அறுப்பு. ரெண்டாம் போகம் அதுக்குப் பின்னாடி, பொங்கல் சமயத்துல வயல் பச்சையா நிக்கும், மாசி பங்குனில அறுப்பு. இது ஜூன்ல தெறந்தா. லேட்டா தெறந்தா எல்லாமே தள்ளிப் போகும், சில வருசம் ரெண்டாம் போகமே கேள்விக்குறி. அதனால ‘எந்தத் தேதில வரலாம்’னு என்கிட்ட கேக்காதீங்க, அணை மட்டத்தப் பாத்துட்டு கெளம்புங்க.

நடுறது பெரும்பாலும் 509, ஆர்.என்.ஆர். மாதிரி சன்ன ரகம். அறுப்பு முடிஞ்சதும் வைக்கோல் கட்டுகட்டா லாரில கேரளா போகும். வாத்து மேய்க்கிறவங்க ஆயிரக்கணக்குல வாத்த ஓட்டிட்டு வந்து அறுத்த வயல்ல விடுவாங்க, சிந்துன நெல்லு, நத்தை, புழு எல்லாத்தையும் தின்னு வயலுக்கு எருவும் போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிரும். ரீல்ஸ் எடுக்குறவங்க இத ஏன் எடுக்க மாட்டேங்குறாங்கன்னு தெரியல, திராட்சைய விட பாக்க நல்லா இருக்கும்.

சரி, திராட்சைக்கு வாங்க. கம்பம் திராட்சை என்ன அம்புட்டு ஸ்பெஷல்?

பன்னீர் திராட்சை. கருநீலம், விதை உண்டு, தோல் கொஞ்சம் கெட்டி, வாசனை தூக்கும். மஸ்கட் ஹாம்பர்க்ங்கிறது அதோட ஒரிஜினல் பேரு, 1832ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்ததா சொல்றாங்க. 2023ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு.

ஸ்பெஷல் என்னன்னா வருசம் பூரா பழம் இருக்கும். மத்த எடத்துல சீசன் வந்தாத்தான் பழம், இங்க கவாத்து பண்ணுன (கொடிய வெட்டி விட்ட) நாள்ல இருந்து நாலு மாசத்துல அறுவடை, கொடிக்கு கொஞ்சம் ஓய்வு குடுத்து மறுபடி கவாத்து. ரெண்டு வருசத்துக்கு அஞ்சு அறுப்பு எடுக்கலாம். ஒருத்தர் கவாத்து பண்றப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழம் வெட்டிட்டு இருப்பாரு, அதனால எப்ப வந்தாலும் எங்கயாச்சும் ஒரு தோட்டத்துல பழம் தொங்கும். கல்லுத்தூணு நட்டு மேல கம்பி இழுத்து பந்தல் போட்டு கொடிய ஏத்துவாங்க, கீழ நின்னா மத்தியான வெயில்லயும் நெழல்.

தோட்டம் பாக்கணும்னா சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி இந்தப் பக்கம் போங்க. விதையில்லாதது வேணும்னா ஓடைப்பட்டி. ஆனைமலையன்பட்டில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு.

தோட்டத்துக்குள்ள போய் போட்டோ எடுக்கலாமா? பறிச்சு திங்கலாமா?

சுருளி ரோட்டுல சில தோட்டத்துக்காரங்களே போர்டு வச்சு விடுறாங்க, பழமும் ஜூசும் விப்பாங்க, அங்க தாராளமா போங்க. மத்த தோட்டத்துல ஆளக் கேக்காம கால வைக்காதீங்க. பறிச்சு அப்படியே வாயில போடவே போடாதீங்க, காலைல தான் மருந்து அடிச்சிருப்பாங்க, திராட்சைக்கு மருந்து கொஞ்ச நஞ்சம் இல்ல. கழுவித் தின்னுங்க. கொலையப் புடிச்சு இழுத்து செல்ஃபி எடுக்குறவங்களுக்கு தனியா ஒரு கும்புடு. ஒரு பழம் நசுங்குனா ஈரம் பட்டு கொலை பூரா அழுகும், அது அந்தாளோட நாலு மாச வேலை.

திராட்சைத் தோட்டம் வாங்கிப் போட்டா நல்ல லாபமாமே?

யாரு சொன்னா? யூடியூப்லயா?

கல்லு, கம்பி, கொடி, சொட்டு நீருன்னு மொதல்ல பெரும்பணம் எறக்கணும். அப்புறம் ஒவ்வொரு அறுப்புக்கும் கவாத்துக்கூலி, உரம், மருந்து. செவட்டை நோய் வந்தா எல காஞ்சு உதிரும். பழம் பழுக்குற நேரத்துல நாலு நாள் விடாம மழை பேஞ்சா பழம் வெடிச்சு ஈ மொய்க்கும், வியாபாரி வண்டிய நிறுத்தக் கூட மாட்டான். எல்லாம் நல்லா வந்து கொலை பளபளன்னு தொங்குற சமயம் பாத்து மகாராஷ்டிரா சீட்லெஸ் மார்க்கெட்டுக்கு வந்து எறங்கும், தை பொறந்தா பங்குனி சித்திரை வரைக்கும் அதோட ராஜ்ஜியம் தான், நம்ம வெலை படுத்துரும். பழத்த வச்சிருந்து விக்கவும் முடியாது. நல்லா சம்பாதிச்சவங்களும் இருக்காங்க, இல்லேங்கல. அவங்க தோட்டத்துலயே கெடக்குறவங்க, மேகம் கூடுனா ராத்திரி எந்திரிச்சு பாக்குறவங்க. சென்னைல உக்காந்துக்கிட்டு ஆள் வச்சு பாக்கலாம்னா அந்தக் காசுக்கு வேற ஏதாச்சும் பண்ணுங்க.

நெலமே வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மொதல்ல கேக்க வேண்டியது ஏக்கர் என்ன வெலைன்னு இல்ல. தண்ணி எங்க இருந்து வருது, வாய்க்கால் பாசனமா, கெணறா, போரா, வாய்க்கால்னா தலைமடையா கடைமடையா. அணைத் தண்ணி கொண்டு போற 18ஆம் கால்வாய் பக்கம் நெலம் பாத்தீங்கன்னா அதுல எத்தன நாள் தண்ணி விடுவாங்கன்னு பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

விடியக்காலைல ஜீப் ஜீப்பா பொம்பளைங்க எங்க போறாங்க?

எலத்தோட்டத்துக்கு. ஏலக்காய்க்குத் தான் இங்க எலக்கான்னு சொல்லுவோம். கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, கோம்பை, தேவாரம், போடின்னு பள்ளத்தாக்கு பூராவும் இருந்து தெனமும் மலையேறி வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம், உடும்பன்சோலைன்னு இடுக்கி தோட்டங்களுக்குப் போறாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, தூக்குச்சட்டில கட்டி, விடியுறதுக்குள்ள ஜீப்புல ஏறணும். கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுல கூட்டமா நெருக்கிக்கிட்டு போறதப் பாத்தா நமக்கே வயித்தக் கலக்கும், விபத்தும் நடந்திருக்கு. சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிக்குத் திரும்பி வந்து மறுபடி அடுப்பு.

கூலி இங்கத்த வயல்வேலைய விட மேல கூடுதல், அதான் போறாங்க. கம்பத்துல எத்தனையோ வீட்டுல நர்சிங் படிச்ச பிள்ளைக்கும் இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைக்கும் ஃபீஸ் கட்டுனது அந்த ஜீப் காசு தான், ஊரப் பத்தி எழுதுறவங்க நெல்லையும் திராட்சையையும் எழுதிட்டு இத விட்டுருவாங்க. 2020 லாக்டவுன்ல பார்டர் மூடுனப்ப தான் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு, இங்க அடுப்பெரியல, அங்க காயெடுக்க ஆளில்ல. மறுபக்கம் என்னன்னா எல்லாரும் மலையேறிட்டா இங்க நடவுக்கு ஆள் கெடைக்காது. இப்ப பல வயல்ல வடக்க இருந்து வந்த பசங்க தான் நடவு நடுறாங்க, அறுப்புக்கு மெஷின்.

யானை ஊருக்குள்ள வருமா? அரிக்கொம்பன் வந்த ஊர் தானே?

அதே ஊர் தான். 2023 மே 27, சனிக்கிழமை காலைல தெருவுக்குள்ள வந்துருச்சு. கேரளா சின்னக்கானல்ல புடிச்சு பெரியாறு காட்டுல விட்ட யானை, மலையெறங்கி நேரா எங்க ஊருக்கு. ஆட்டோவத் தள்ளுச்சு, சனம் தெறிச்சு ஓடுச்சு, 144 போட்டாங்க, அடிபட்ட ஒருத்தர் ஆஸ்பத்திரில இறந்துட்டாரு. அப்புறம் சுருளி, சண்முகாநதி பக்கம் சுத்துன யானைய ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் புடிச்சு களக்காடு முண்டந்துறைக்கு கொண்டு போனாங்க.

டவுனுக்குள்ள யானை வர்றது தெனம் நடக்குற விசயம் இல்ல, பயப்படாதீங்க. மலையடிவாரத் தோட்டங்கள்ல தான் தொல்லை, தென்னங்குருத்தையும் வாழையையும் சாச்சுட்டுப் போயிரும், பன்னி தொல்லை அத விட மோசம். கெழக்க இருக்குற காடு 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், மேக்க பெரியாறு புலிகள் காப்பகம், ரெண்டுக்கும் நடுவுல நாங்க வெள்ளாமை பண்ணிட்டு இருக்கோம். இருட்டுன பின்னாடி அடிவாரத் தோட்டத்துப் பக்கம் பைக்ல சுத்தாதீங்க, போதும்.

சுருளி அருவி எப்ப போகலாம்?

கம்பத்துல இருந்து 10 கிலோமீட்டர் பக்கம், பஸ் உண்டு. வனத்துறை டிக்கெட் வாங்கிட்டு உள்ள நடக்கணும். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ குளிக்க விட மாட்டாங்க, விசாரிச்சுட்டுப் போங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு திதி குடுக்க கூட்டம் அள்ளும், குடும்பத்தோட சும்மா குளிக்கப் போறவங்க அந்த நாளத் தவிர்த்துருங்க. பாட்டில் கொண்டு போனா திரும்ப எடுத்துட்டு வாங்க சாமி.

மாட்டுத்தொழுவுன்னு ஒண்ணு இருக்காமே?

நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவம். ஒக்கலிகர் சமுதாயத்தோடது, ஆனா எல்லாரும் கும்புடுறாங்க. நேந்துக்கிட்டு கன்னுக்குட்டிய இங்க விட்டுருவாங்க, அப்படி வந்த மாடுங்க தான் பூராவும். பட்டத்துக்காளைன்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு தனி மரியாதை. மாட்டுப்பொங்கலன்னைக்கு வாங்க, சுத்துப்பட்டு ஊர் சனம் பூராம் கரும்பும் பழமும் வாங்கிக்கிட்டு மாட்டுக்குக் குடுக்க நிப்பாங்க.

இந்தப் பக்கம் மலைமாடுன்னு ஒரு நாட்டு இனம் உண்டு, பட்டி போட்டு மலைல மேய்க்கிறது. 2022ல காட்டுல மேய்ச்சலுக்கு ஹைகோர்ட் தடை போட்டுச்சு, அப்புறம் அத சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு சுருக்குனாங்க. ஆனா எங்களுக்கு பக்கத்துல இருக்குற காடே புலிகள் காப்பகம் தானே, அதனால சுருக்குனதுல எங்க மாட்டுக்காரங்களுக்கு பெருசா ஒண்ணும் மாறல. மாட்ட வித்துட்டு எலத்தோட்டத்துக்குப் போனவங்க இருக்காங்க.

என்ன பாஷை பேசுவாங்க?

தமிழ் தான், மதுரைப் பக்கத்துத் தமிழ். நெறைய வீட்டுக்குள்ள கன்னடமோ தெலுங்கோ ஓடும், வாசலுக்கு வந்தா தமிழ். வியாபாரிங்களுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு. ராவுத்தர்மார் தெருவுல நோன்புக் கஞ்சி, கௌமாரியம்மன் திருவிழாவுல தீச்சட்டின்னு எல்லாம் ஒரே கடைவீதிய சுத்தித்தான். கம்பராயப் பெருமாள் காசி விஸ்வநாதர் கோயில்ல சிவனும் பெருமாளும் ஒரே மதிலுக்குள்ள இருப்பாங்க.

காய்கறி சீப்பா கெடைக்குமா?

உழவர் சந்தைக்கு காலைல ஏழு மணிக்குள்ள போங்க, நல்ல காய் நல்ல வெலைக்கு கெடைக்கும். பீட்ரூட், கோஸு, வெங்காயம், வாழை எல்லாம் சுத்துவட்டாரத்துலயே வெளையுது. ஓணம் நெருங்குற வாரத்துல மட்டும் எதிர்பாக்காதீங்க, எல்லாம் மலையேறிரும், வெலை எங்களுக்கே எட்டாது.

சபரிமலை சீசன்ல வந்தா ட்ராஃபிக் எப்படி?

கார்த்திகை ஒண்ணுல இருந்து தை மொத வாரம் வரைக்கும் டூர் வச்சுக்காதீங்க, அம்புட்டுத்தான். கூட்டம் கூடுனா ஒருவழிப்பாதை ஆக்கிருவாங்க, போற வண்டிய கம்பம்மெட்டு வழியா ஏத்தி விட்டு, வர்ற வண்டிய குமுளி வழியா எறக்குவாங்க. குமுளிக்கு மேப் காட்டுற நேரத்த நம்பாதீங்க. கடைக்காரங்களுக்கு அது தான் தீவாளி, பழம், சிப்ஸ், டீ எல்லாம் ராத்திரி பூரா ஓடும்.

கம்பத்துக்கு ட்ரெயின் இருக்கா?

இல்ல. திண்டுக்கல்ல இருந்து இந்தப் பக்கம் லைன் போடணும்னு எங்க தாத்தா காலத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். மதுரை போடி லைன் மட்டும் அகலப்பாதையாகி 2022ல தேனிக்கும் 2023ல போடிக்கும் வண்டி வந்துச்சு, அதனால தேனில எறங்கி பஸ் ஏறுங்க, பத்து நிமிசத்துக்கு ஒண்ணு இருக்கும். மதுரைல இருந்தும் குமுளி பஸ் நேரா கம்பம் வழியாத்தான் வரும்.

ஆன்லைன்ல கம்பம்னு அடிச்சா ஒரு ஸ்டேஷன் காட்டும், சந்தோசப்பட்டு புக் பண்ணிராதீங்க. அது ஆந்திராவுல இருக்குற கம்பம். அங்கயும் ஒரு பெரிய பழைய ஏரி இருக்காம், ஆனா எங்க வீட்டுக்கு வர்றதுக்கு அங்க எறங்கி பிரயோஜனம் இல்ல.